டெங்கு கடுமையாகுமா என்பதை இரத்தப் புரதங்கள் முன்கூட்டியே சொல்லுமா?

கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் இப்படிக் கேட்டிருக்கிறார்: "கடந்த மாரியில் அக்காவின் மகனுக்கு டெங்கு வந்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. பிள்ளை எழுந்து உட்கார்ந்தான், நாங்களும் ஆறுதலடைந்தோம். அன்றிரவே கைகால் குளிர்ந்துபோய் ஆளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. கடவுள் புண்ணியத்தில் தப்பிவிட்டான். இரத்தத்தில் உள்ள சில புரதங்களை அளந்தால், யாருக்கு டெங்கு கடுமையாகும் என்று முதல் இரண்டு மூன்று நாட்களிலேயே சொல்லிவிடலாம் என ஒரு செய்தியில் வாசித்தேன். என் மகளுக்குப் போன வருடம் டெங்கு வந்து போனது. இன்னொரு முறை வந்தால் அந்தப் பரிசோதனையை மட்டக்களப்பில் எங்கே செய்விக்கலாம்?"

தங்கச்சி, நீங்கள் வாசித்த செய்தி பொய்யல்ல. அப்படிப்பட்ட புரதங்கள் இருக்கின்றன. அவை ஏன் கூடுகின்றன என்பதும் பெருமளவு தெரிந்துவிட்டது. ஆனால் அவற்றை அளப்பது மட்டக்களப்பில் மட்டுமல்ல, கொழும்பிலும் நோயாளர்களுக்கான வழக்கமான பரிசோதனையாக இன்னும் வரவில்லை. எங்கே செய்விக்கலாம் என்ற கேள்விக்குப் பதில் அதோடு முடிந்துவிடுகிறது. ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு இரவில் நடக்கப்போவதை அன்று காலையிலேயே கண்டுபிடித்திருக்க முடியாதா? பெரும்பாலும் முடியும். அதற்கு வேண்டியவை நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. டெங்குக் காலங்களில் வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் இரவும் பகலும் வேலை செய்தவன் என்ற முறையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: டெங்குவில் எந்த அளவீடும் காய்ச்சலின் எத்தனையாம் நாள், எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது என்று தெரியாவிட்டால் பொருள் தராது. பழைய பரிசோதனைக்கும் அதுதான், புதிய புரதங்களுக்கும் அதுதான்.

முதலில் நோய் ஆளை எப்படி வீழ்த்துகிறது என்பதைப் பார்ப்போம். டெங்கு என்றதும் சொந்தக்காரர் எல்லாரும் கேட்பது குருதிச் சிறுதட்டு எவ்வளவு என்பதைத்தான். சிறுதட்டு இறங்குவது பயமுறுத்தும் காட்சி, மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலான மரணங்களுக்குப் பின்னால் இருப்பது கசிவு. காய்ச்சல் தணியும் நேரத்தை ஒட்டி, இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா மெல்லிய நாளங்களின் சுவரைத் தாண்டி நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் ஒழுகத் தொடங்குகிறது. இரத்தம் தடிக்கிறது, நாடித்துடிப்பு பலவீனமாகிறது, கைகால் குளிர்கிறது. இந்தக் கசிவு 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடித்து, பிறகு தானாகவே நின்றுவிடும். அந்த நேரத்தைத் தாண்டவைப்பதுதான் டெங்கு வைத்தியத்தின் சாரம். கசிவு எப்போது தொடங்கியது என்பதைப் பிடித்துவிட்டால், எவ்வளவு சேலைன் கொடுக்க வேண்டும் என்பதையும் எப்போது நிறுத்த வேண்டும் என்பதையும் கணக்கிடலாம். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இந்தக் காலம் முழுவதற்கும், வாயால் குடிப்பதையும் சேர்த்து, ஏறக்குறைய 4600 மில்லிலீற்றர் என்பது நமது நாட்டு வைத்தியர்கள் பயன்படுத்தும் கணக்கு. குறைந்தால் அதிர்ச்சி நிலை. கூடினால் அந்த நீரெல்லாம் நுரையீரலைச் சூழ்ந்து மூச்சை அடைக்கும்.

விஞ்ஞானிகள் தேடுவது இந்தக் கசிவின் முன்னறிவிப்பைத்தான். நாளங்களின் உட்சுவரில் சீனியும் புரதமும் கலந்த மெல்லிய படலம் ஒன்று உண்டு. கிளைக்கோகேலிக்ஸ் என்பார்கள். வாவியில் ஓடும் தோணிக்குப் பலகை இடுக்குகளில் கீல் பூசியிருப்பதுபோல, இந்தப் படலமும் அதன் கீழே உள்ள கலங்களின் இணைப்புகளும் சேர்ந்துதான் திரவத்தை உள்ளே நிறுத்துகின்றன. டெங்குவில் இந்தப் படலம் உரிகிறது. உரிந்த துண்டுகள் இரத்தத்தில் மிதக்கின்றன. சின்டெக்கன்-1 என்ற புரதம் அப்படி மிதக்கும் துண்டுகளில் ஒன்று. அது இரத்தத்தில் கூடினால் சுவர் சேதமடைகிறது என்று பொருள்.

படலத்தை உரிப்பதில் வைரசின் சொந்தப் புரதம் ஒன்றுக்கும் பங்கு உண்டு. நீங்கள் கேள்விப்பட்ட என்.எஸ்.1 தான் அது. டெங்கு இருக்கிறதா என்று முதல் நாட்களில் பார்க்கும் அதே அன்டிஜன். இது வெறும் அடையாளச் சின்னம் என்றுதான் நீண்ட காலம் கருதப்பட்டது. 2015 இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஒரே நேரத்தில், இந்தப் புரதம் தானாகவே நாளச் சுவரைத் தளர்த்தக்கூடியது என்று காட்டின. அதற்கு முன்பே, 2002 இல் தாய்லாந்துப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வொன்றில், காய்ச்சல் தொடங்கி 72 மணித்தியாலத்துக்குள் ஒரு மில்லிலீற்றருக்கு 600 நனோகிராமுக்கு மேல் என்.எஸ்.1 இருந்தவர்களே கடுமையான வடிவத்துக்குக் கூடுதலாகப் போனார்கள் என்று தெரிந்தது. அப்படியானால் நம் ஊரில் செய்யும் என்.எஸ்.1 பரிசோதனையே போதாதா என்று கேட்பீர்கள். போதாது. அந்தச் சிறிய பட்டையில் விழும் கோடு உண்டு அல்லது இல்லை என்பதை மட்டுமே சொல்லும். கோடு தடிப்பாக விழுந்திருக்கிறது, ஆகவே நோய் கடுமை என்று ஒப்பிட்டுப் பேசுவதை ஆய்வுகூட வாசலில் அடிக்கடி கேட்டிருக்கிறேன். அந்தத் தடிப்பை வைத்து எதையும் முடிவுசெய்யக் கூடாது. அதைவிட முக்கியமான ஒன்று: இரண்டாம் முறை டெங்கு வரும் ஒருவரின் இரத்தத்தில் பழைய எதிர்ப்புடல்கள் இருக்கும். அவை என்.எஸ்.1 ஐப் பற்றிப் பிடித்துக்கொள்வதால் பட்டையில் கோடே விழாமல் போகலாம். உங்கள் மகள் விடயத்தில் இதை மறக்க வேண்டாம்.

அடுத்து அஞ்சியோபொயிட்டின் என்ற சோடி. ஒன்றாம் வகை பெருமளவு சிறுதட்டுகளிலிருந்து வருகிறது. நாளச் சுவரின் இணைப்புகளை இறுக்கி வைத்திருக்கிறது. இரண்டாம் வகை சுவர்க் கலங்களுக்குள்ளேயே பொதிந்து கிடந்து, கலம் தூண்டப்படும்போது வெளிவந்து இணைப்பைத் தளர்த்துகிறது. கடுமையான டெங்குவில் முதலாவது இறங்குகிறது, இரண்டாவது ஏறுகிறது. சிறுதட்டு வீழ்ச்சியும் கசிவும் ஏறத்தாழ ஒரே வேளையில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். சிறுதட்டு எண்ணிக்கையை வைத்தியர்கள் உன்னிப்பாகக் கவனிப்பதும் இரத்தப்போக்கு ஏற்பட்டுவிடும் என்ற பயத்தால் மட்டுமல்ல. அது வேகமாக இறங்கினால் கசிவு நெருங்குகிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

நமது நாட்டோடு நேரடியாகத் தொடர்புடைய புரதம் கைமேஸ். ஒவ்வாமையின்போது வேலை செய்யும் மாஸ்ட் கலங்கள் வெளியிடும் நொதியம் இது. நுளம்பு கடித்த தோலிலும் நாளங்களின் ஓரத்திலும் காத்திருக்கும் இந்தக் கலங்கள் வைரசைக் கண்டதும் தம்மிடம் உள்ளதையெல்லாம் கொட்டுகின்றன. அதனால் நாளம் கசிகிறது. இலங்கை நோயாளர்களின் இரத்தத்தில் இதை அளந்து செய்த ஆய்வு 2017 இல் வெளியானது. தொற்றுநோயியல் பிரிவின் வைத்திய நிபுணர் ஹசித திசேராவும் அதில் பங்குகொண்டார். வைத்தியசாலைக்கு வந்த நேரத்தில் கைமேஸ் கூடுதலாக இருந்தவர்களே பிறகு கசிவு நிலைக்குப் போனார்கள், பெரியவர்களிடமும் பிள்ளைகளிடமும். 2017 என்பது நாம் யாரும் மறக்கக்கூடிய வருடமல்ல. நாடு முழுவதும் 1,86,000க்கு மேற்பட்டவர்கள் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். அந்த வருடத் தொடக்கத்தில் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவில் டெங்கு வேகமாகப் பரவியதைக் கிழக்கு மாகாணம் முழுவதும் அச்சத்தோடு பார்த்துக்கொண்டிருந்தது.

2021 இல் வந்த ஒரு பெரிய ஆய்வு வியட்நாம், கம்போடியா, மலேசியா, எல் சல்வடோர் ஆகிய நான்கு நாடுகளின் நோயாளர்களை எடுத்துக்கொண்டது. பின்னர் நடுத்தர அல்லது கடுமையான நிலைக்குப் போன 281 பேர், அப்படிப் போகாத 556 பேர். காய்ச்சலின் முதல் மூன்று நாட்களில் எடுத்த இரத்தத்தில் பத்துப் புரதங்களை அளந்தார்கள். சின்டெக்கனும் அஞ்சியோபொயிட்டினும் அதில் உண்டு, அழற்சியைக் காட்டும் இன்டர்லூக்கின் வகைகளும் உண்டு, இரும்பைச் சேமிக்கும் புரதமான பெரிட்டினும் அழற்சியின்போது கூடும் சி.ஆர்.பி.யும் கூட உண்டு. பத்தும் ஓரளவு பயன்பட்டன. ஆனால் சிறந்த கணிப்பைத் தந்தது கூட்டுத்தொகுதிதான்: பிள்ளைகளுக்கு ஆறு புரதங்கள், பெரியவர்களுக்கு ஏழு. இரண்டு தொகுதிகளும் ஒன்றல்ல. அஞ்சியோபொயிட்டின் பிள்ளைகளின் தொகுதியில் இடம்பெற்றது, பெரியவர்களின் தொகுதியில் இல்லை. பெரியவரிடம் நன்றாக வேலை செய்யும் ஒரு பரிசோதனையைப் பிள்ளைக்கு அப்படியே பொருத்திவிட முடியாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இவ்வளவு தெரிந்தும் ஏன் நமக்குக் கிடைக்கவில்லை? ஒரு காரணம் ஆய்வுகூட வேலையின் தன்மை. இந்தப் புரதங்களை இன்று பெரும்பாலும் எலைசா முறையில் அளக்கிறார்கள். 96 குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு. குழிக்குள் மாதிரியை இட்டு, எதிர்ப்புடலை இட்டு, கழுவி, காத்திருந்து, மறுபடி கழுவி, கடைசியில் நிறம் வரும்போது இயந்திரத்தில் வைத்து வாசிக்க வேண்டும். பல மணித்தியாலம் பிடிக்கும். சரிபார்ப்பு மாதிரிகளுக்கே பல குழிகள் போய்விடும். நள்ளிரவில் வந்த ஒரு பிள்ளைக்காக ஒரு தட்டைத் திறப்பது நடைமுறையில் நடக்காது. பல நோயாளர் சேரும்வரை காத்திருந்தால் பெறுபேறு வரும்போது கசிவு தொடங்கி முடிந்தும் இருக்கும். கட்டிலோரத்தில் கால் மணித்தியாலத்தில் எண்ணைச் சொல்லும் கருவியாக மாறினால்தான் இது நமக்கு உதவும்.

இன்னொரு காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன். இது நான் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட எண், ஆய்வு முடிவல்ல. டெங்கு வந்த 1000 பேரில் 50 பேர் கடுமையான நிலைக்குப் போவார்கள் என்று வையுங்கள். நம்மிடம் நூற்றுக்கு 85 பங்கு சரியாகச் சொல்லும் ஒரு பரிசோதனை இருக்கிறது. நோய் கடுமையாகப்போகிறவரிடமும் அப்படி, ஆகாதவரிடமும் அப்படி. அந்த 50 பேரில் ஏறக்குறைய 43 பேரை அது பிடிக்கும். மீதி 950 பேரில் 142 பேரையும் தவறாக அபாயம் என்று சொல்லும். ஆக அபாயம் என்று சொல்லப்பட்ட 185 பேரில் உண்மையில் கடுமையாகப்போகிறவர் நாலில் ஒருவரைவிடக் குறைவு. மறுபக்கத்தைப் பாருங்கள். பயமில்லை என்று சொல்லப்பட்ட 815 பேரில் தவறவிடப்பட்டவர் ஏழு பேர்தான். இத்தகைய பரிசோதனையின் உண்மையான பலன் யாருக்கு ஆபத்து என்று சொல்வதில் இல்லை என்பது என் கருத்து. யாரை வீட்டில் வைத்துக் கவனிக்கலாம் என்று சொல்வதில்தான் அது இருக்கிறது. மாரியில் விடுதிகள் நிரம்பி, ஒரே கட்டிலில் இருவர் படுத்திருக்கும் வேளையில் அது சின்ன உதவியல்ல. ஆனால் அந்த ஏழு பேரில் ஒருவர் உங்கள் மகளாக இருந்தால் என்ன செய்வது? ஆகவே பயமில்லை என்று பெறுபேறு வந்தாலும் அடுத்த நாள் பார்க்கத்தான் வேண்டும்.

இனி, நம் கையில் இருப்பவை.

முதலாவது பி.சி.வி. இதைப் புரதப் பரிசோதனை என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் கசிவை இதைவிடச் சுலபமாகக் காட்டும் ஒன்று இல்லை. மிக மெல்லிய துளை கொண்ட ஒரு கண்ணாடிக் குழாயில் விரல் நுனி இரத்தம் தானாகவே ஏறும். ஒரு முனையைக் களிம்பால் அடைத்து, வேகமாகச் சுற்றும் சிறிய இயந்திரத்தில் ஐந்து நிமிடம் சுழற்றுவோம். வெளியே எடுக்கும்போது கீழே செங்கலங்கள் அடர் சிவப்பாகப் படிந்திருக்கும். அதற்கு மேலே வெண்கலங்களும் சிறுதட்டுகளும் சேர்ந்த வெளிறிய மெல்லிய கோடு. அதற்கும் மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த பிளாஸ்மா. முழு நீளத்தில் சிவப்பு எத்தனை பங்கு என்பதே பி.சி.வி. கசிவு தொடங்கியவரிடம் அந்த வைக்கோல் நிறப் பகுதி மணிக்கு மணி குறுகுவதைக் கண்ணாலேயே காணலாம். விரல் நுனி இரத்தம், ஐந்து நிமிடம், விடுதியிலேயே செய்யலாம். அபாய கட்டத்தில் சில மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, தேவைப்பட்டால் மணிக்கு ஒரு தடவை கூட எடுப்பார்கள். பிள்ளையின் விரலைக் குத்திக் குத்தி ஏன் வதைக்கிறார்கள் என்று தாய்மார் அழுவார்கள். அந்தக் குத்தல்தான் பிள்ளையைக் காக்கிறது என்பதைத் தயவுசெய்து நம்புங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம். பி.சி.வி. ஐந்தில் ஒரு பங்கு கூடினால் கசிவு குறிப்பிடத்தக்க அளவில் இருக்கிறது என்பது வழக்கமான அளவுகோல். 40 இருந்தவருக்கு 48. ஆனால் இரத்தச்சோகை உள்ள ஒரு பெண்ணின் வழக்கமான அளவு 30 ஆக இருக்கலாம். அவருக்கு 36 என்றாலே அந்த எல்லை வந்துவிட்டது. துண்டில் 36 என்று பார்த்தவர், இது சாதாரணம் என்று வீட்டுக்குப் போய்விடக்கூடும். ஆகவே காய்ச்சலின் முதல் நாட்களில் எடுத்த எஃப்.பி.சி. (முழுக் குருதிக் கல எண்ணிக்கை) துண்டு மிகப் பெறுமதியானது. அதில் ஆபத்து எதுவும் தெரியாது. ஆனால் பிறகு வரும் எண்களை ஒப்பிட அதுதான் அடித்தளம். பலர் அதைத் தொலைத்துவிட்டு வருகிறார்கள். ஒரு கொப்பியில் ஒட்டி வையுங்கள்.

இரண்டாவது அல்புமின். நீங்கள் கேட்ட இரத்தப் புரதங்களில் இன்றைக்கே நமக்குக் கிடைப்பது இதுதான். ஈரல் இதைச் செய்கிறது. பிளாஸ்மாவில் மிக அதிகமாக இருக்கும் புரதமும் இதுவே. ஆரோக்கியமானவரிடம் ஒரு டெசிலீற்றருக்கு 3.5 முதல் 5 கிராம்வரை இருக்கும். ஒரு அல்புமின் மூலக்கூறு இரத்தத்தில் நெடுநாள் வாழ்கிறது. பாதி அழியவே ஏறத்தாழ 20 நாள் பிடிக்கும். அப்படியிருக்க ஒரே நாளில் 4.2 இலிருந்து 3.6 க்கு இறங்கினால் ஈரல் செய்ய மறந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. அது எங்கோ ஒழுகிப் போயிருக்கிறது. நமது சுகாதார அமைச்சின் டெங்கு வழிகாட்டி, அல்புமின் 3.5 க்குக் கீழே இறங்குவதையும் 0.5 கிராம் குறைவதையும் கசிவின் மறைமுகச் சான்றாகக் கொள்கிறது. கொலஸ்டரோல் 100 மில்லிகிராமுக்குக் கீழே போவதும் அல்லது 20 குறைவதும் அப்படியே. கொலஸ்டரோலை ஏற்றிச் செல்வதும் புரதத் துணிக்கைகள்தான். ஆனால் சேலைன் நிறைய ஏறிய பிறகு எடுத்த இரத்தத்தில் எல்லாமே ஐதாகித் தெரியும். சிறுநீரக நோயோ நாட்பட்ட ஈரல் நோயோ உள்ளவரிடம் அல்புமின் முன்பே குறைந்திருக்கும். அதைவிட முக்கியம், கசிவு வரப்போகிறது என்று அல்புமின் சொல்லாது. வந்துவிட்டது என்றே சொல்லும். ஸ்கான் செய்து வயிற்றிலும் நெஞ்சிலும் நீரைப் பார்ப்பதோடு சேர்த்து வைத்தியர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

பெரிட்டின் பற்றியும் கேட்பீர்கள், ஏனென்றால் தனியார் ஆய்வுகூடங்களில் அது கிடைக்கிறது. டெங்குவில் அது கூடும், கடுமையான டெங்குவில் இன்னும் கூடும். ஆனால் வேறு பல காய்ச்சல்களிலும் கூடும். காய்ச்சல் ஒரு வாரத்தைத் தாண்டியும் விடாமல் பெரிட்டின் பத்தாயிரத்துக்கு மேல் போனால் வைத்தியர்கள் வேறொரு ஆபத்தான அழற்சி நிலையைச் சந்தேகிப்பார்கள். அங்கே அது மிகவும் உதவும். இரண்டாம் நாள் நீங்களாகவே பணம் கொடுத்துச் செய்விப்பதில் பயனில்லை.

சி.ஆர்.பி. நமது பகுதிக்கு வேறொரு விதத்தில் முக்கியமானது. பெரும்போக வேலை நடக்கும் அதே மாதங்களில் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் டெங்குவும் எலிக்காய்ச்சலும் சேர்ந்தே வருகின்றன. வயலில் இறங்கியவருக்குக் காய்ச்சல், உடல்வலி, சிறுதட்டு குறைவு. இரண்டிலும் இவை உண்டு. எலிக்காய்ச்சலில் சி.ஆர்.பி. பெரும்பாலும் மிக உயரும். டெங்குவில் பொதுவாக அவ்வளவு உயராது. டெங்கு என்றே முடிவுகட்டிவிட்டால் அன்டிபயோட்டிக் பிந்திவிடும். கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, சிறுநீர் குறைவு இருந்து, வயலில் வேலை செய்தவர் என்றால் அதை வைத்தியரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

நேரத்துக்கு வருகிறேன். காய்ச்சல் தொடங்கிய நாளை மட்டுமல்ல, மணியையும் எழுதி வையுங்கள். மூன்றாம் நாளிலிருந்து நாள்தோறும் எஃப்.பி.சி. தேவை, பச்சிளம் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேறு நோயுள்ளவர்களுக்கும் அதற்கும் முன்பே. முதலில் வெண்கலங்கள் இறங்கும், பெரும்பாலும் 5000 க்குக் கீழே. அதன்பின் சிறுதட்டு இறங்கும். அது 1,00,000 ஐ நெருங்கும்போது கசிவுக் கட்டம் வாசலில் நிற்கிறது. அந்த நிலையில் வீட்டில் இருக்கக் கூடாது. காய்ச்சல் விட்ட நாளே பெரும்பாலும் அந்தக் கட்டம் தொடங்கும் நாள். சிலருக்குக் காய்ச்சல் இருக்கும்போதே தொடங்குவதும் உண்டு. உங்கள் அக்காவின் மகனுக்கு நடந்தது அபூர்வமான சம்பவமல்ல, பாடப்புத்தகத்தில் உள்ளபடியே நடந்த சம்பவம். எழுந்து உட்கார்ந்த அன்று காலையில் ஒரு பி.சி.வி. எடுத்திருந்தால் சிவப்பு ஏறத் தொடங்கியிருப்பது தெரிந்திருக்கக்கூடும்.

இந்தப் புதிய புரதப் பரிசோதனைகள் கட்டிலோரக் கருவியாக வந்தால் முதலில் எங்கே வைக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், பெரிய வைத்தியசாலைகளைச் சொல்ல மாட்டேன். அங்கே ஸ்கான் இருக்கிறது, நிபுணர் இருக்கிறார், மணிக்கு ஒரு பி.சி.வி. எடுக்க ஆளிருக்கிறது. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் வைக்க வேண்டும். மகிழடித்தீவு, வெல்லாவெளி போன்ற இடங்களில் இரண்டாம் நாள் காய்ச்சலோடு வரும் பிள்ளையை இன்றே வாவிக்கு அப்பால் அனுப்புவதா, நாளை வரச் சொல்வதா என்பதுதான் அங்குள்ள வைத்தியரின் பிரச்சினை. நாளை வா என்று சொல்வது வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரையில் எளிது. படுவான்கரையின் உட்கிராமங்களில் மாலையானால் யானைப் பயம். மழை பெய்தால் வீதி நீரில். இரவு இரண்டு மணிக்குப் பிள்ளை குளிர்ந்துபோனால் மோட்டார் சைக்கிளில் கிளம்பும் தகப்பனுக்கு என்ன வழி? ஆபத்தில்லாதவர்களை நம்பிக்கையோடு வீட்டில் விடவும், சந்தேகமுள்ளவர்களைப் பகலிலேயே அனுப்பவும் உதவும் ஒரு கருவிக்கு இங்கேதான் மிகப் பெரிய தேவை. அதுவரை இந்தப் பகுதியின் ஒவ்வொரு சிறிய வைத்தியசாலையிலும் ஓடும் நிலையில் ஒரு பி.சி.வி. இயந்திரமும், கண்ணாடிக் குழாய்களும், அதை இரவில் இயக்கத் தெரிந்த ஒருவரும் இருக்க வேண்டும். சமூகமாக நாம் கேட்க வேண்டியது அதைத்தான்.

கடைசியாக உங்கள் மகள். டெங்கு வைரசில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு நீண்டகாலப் பாதுகாப்புக் கிடைக்கும். மற்ற மூன்றுக்குமான பாதுகாப்பு சில மாதங்களில் தேய்ந்துவிடும். இரண்டாம் முறை வேறு வகை வந்தால் கடுமையாகும் வாய்ப்புக் கூடுகிறது. கூடுகிறது என்றால் நிச்சயம் என்று பொருளல்ல. இரண்டாம் முறையும் பெரும்பாலானோர் நலமாகவே எழுந்துவிடுகிறார்கள். ஆகவே அவளுக்குக் காய்ச்சல் வந்தால், முன்பு டெங்கு வந்தது என்பதை முதல் வாக்கியத்திலேயே வைத்தியரிடம் சொல்லுங்கள். என்.எஸ்.1 இல்லை என்று வந்தாலும் எஃப்.பி.சி. யைத் தொடருங்கள். ஐ.ஜி.ஜி. எதிர்ப்புடல் முதல் சில நாட்களிலேயே இருப்பதாக வந்தால் அது இரண்டாம் தொற்று என்ற சந்தேகத்தை வலுப்படுத்தும். கவனத்தைக் கூட்ட அது ஒரு நல்ல காரணம்.

காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும், எடைக்கேற்ற அளவில், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். காய்ச்சல் முற்றாக இறங்கவில்லை என்று அளவைக் கூட்டினால் ஏற்கெனவே நொந்திருக்கும் ஈரலுக்கே கேடு. ஐபுபுரோபன், டைக்ளோபினாக், அஸ்பிரின் கூடவே கூடாது. கஞ்சி, ஜீவனி (உப்புச் சீனிக் கரைசல்), இளநீர், பழச்சாறு என்று குடிக்கக் கொடுங்கள். வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் கொடுக்க வேண்டாம். பப்பாசி இலைச்சாற்றில் நம்பிக்கை உள்ளவர்கள் பலர். அது கசிவை நிறுத்தும் என்பதற்குச் சான்றில்லை. வாந்தியோடு இருக்கும் பிள்ளைக்கு அதை வற்புறுத்தினால் குடித்த கஞ்சியும் போய்விடும். சிறுதட்டு ஏற்ற ஆள் தேடி அலையவும் வேண்டாம். 2017 இல் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்த ஆய்வில், 20,000 க்குக் கீழே போனாலும் இரத்தப்போக்கு இல்லாத பெரியவர்களுக்கு முன்கூட்டியே சிறுதட்டு ஏற்றியதால் இரத்தப்போக்கு குறையவில்லை. தேவையானால் வைத்தியரே ஏற்பாடு செய்வார்.

கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, முரசிலிருந்தோ மூக்கிலிருந்தோ இரத்தம், பிள்ளை வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து கிடப்பது அல்லது அமைதியின்றித் துடிப்பது, ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாதிருப்பது, கைகால் குளிர்வது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பரிசோதனைத் துண்டு வரட்டும் என்று காத்திராமல் அம்புலன்ஸ் சேவையான 1990 க்கு அழையுங்கள். கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள். அதில் காய்ச்சல் தொடங்கிய மணி, ஒவ்வொரு நாளின் எஃப்.பி.சி., கடைசியாக எப்போது சிறுநீர் போனாள், எவ்வளவு குடித்தாள் என்பவை இருந்தால், நள்ளிரவில் உங்கள் மகளைப் பொறுப்பேற்கும் வைத்தியர் சேலைன் கணக்கை அந்த நிமிடமே தொடங்கிவிடுவார்.